மருமவனே, பென்குயின் குடிவருதாமே!

மருமவனே, விண்டோஸை விட்டுட்டு லினக்ஸுக்குப் போறேன்னு பெஸ்தாரி ஜெயா மாமாக் கடையில ஆரம்பிச்சு கோலசிலாங்கூர் பாசார் மாலாம் வரைக்கும் தண்டோரா போட்டு முடிச்சிட்டியாமே. ரொம்ப சந்தோஷம்டா. உன் கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு பேருக்குச் சொல்லல. இன்னும் மெஷின்ல ஒரு கோப்பைக்கூடத் தொடலையாம், அதுக்குள்ள "கம்பெனி அடிமைத்தனம் ஒழிக"ன்னு வாட்ஸ்அப்புல வசனம். அந்த வாட்ஸ்அப்பு எந்தக் கம்பெனிக்காரனோடதுன்னு நான் கேக்கல.

காரணம் நியாயந்தான், மறுக்கல. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட்டை நிறுத்திட்டாங்க. பதிஞ்சுக்கிட்டா 2026 அக்டோபர் வரைக்கும் ஒரு வருஷம் தவணைன்னாங்க. விண்டோஸ் 11க்கு ஏறலாம்னா உன் லேப்டாப்புல இருக்குறது ஆறாவது தலைமுறை இன்டெல் சில்லு; அவங்க கேக்குறது எட்டாவது. அதுக்கு மேல டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்புச் சில்லும் வேணுமாம். மெஷின் நல்லா ஓடுது, ஆனா கழட்டிப் போடுங்குறான். ரெண்டாயிரம் வெள்ளி குடுத்துப் புதுசு வாங்க உனக்கும் மனசு இல்ல, உங்கப்பனுக்கும் மனசு இல்ல. சரி, போ. போறதுக்கு முன்னாடி உன் காசுல ஒரு தே தாரிக் சொல்லு. மாமன் நாலு வார்த்தை சொல்லி அனுப்புறேன்.

"போறேன் போறேன்"ங்குறியே, உன் சட்டைப்பையில இருக்குற ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில ஓடுறது லினக்ஸ் கெர்னல்தாண்டா. உலகத்து முதல் ஐந்நூறு சூப்பர் கம்ப்யூட்டர்னு ஒரு பட்டியல் போடுறாங்க. 2017 நவம்பர்ல இருந்து அந்த ஐந்நூறும் லினக்ஸ்தான். 1991ல ஹெல்சிங்கியில படிச்சிக்கிட்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இருபத்தோரு வயசுப் பையன், பொழுதுபோக்குன்னு சொல்லி எழுத ஆரம்பிச்சது. அதுக்கும் எட்டு வருஷம் முன்னாடி, 1983லயே, ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவிச்சு மத்த சாமானையெல்லாம் செய்யத் தொடங்கிட்டார். ரெண்டும் சேர்ந்துதான் வண்டி ஓடுது. ஊரு உலகத்துல எல்லா இடத்துலயும் ஓடுற அந்த வண்டி, உன்னை மாதிரி ஆளுங்க மேசைக்கு வந்தா மட்டும் ஏன் இந்த முக்கல் முனகல்?

அதுக்குப் பதில் ஒரு தோட்டத்துக் கதையில இருக்கு, கேளு. தென்னமரம் எஸ்டேட் உனக்குத் தெரியும்ல, நம்ம பக்கந்தான். (ஊரு பேரை 2007லயே பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க, என் வாயி இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னுதான் சொல்லுது.) இந்த நாட்டுல முதன்முதலா வியாபாரத்துக்குன்னு செம்பனை போட்டது அங்கதான், 1917ல, ஆன்றி ஃபோக்கோனியேங்குற பிரெஞ்சுக்காரர். மனுசன் பின்னாடி மலேயாவைப் பத்தி நாவல் எழுதி 1930ல பிரான்சோட கோன்கூர் பரிசையே தட்டிட்டுப் போயிட்டார். குழி வெட்டின ஆளுங்களுக்கு யாரும் பரிசு குடுத்ததா தகவல் இல்ல, அது கெடக்கட்டும். நாங்க இருந்த தோட்டத்துக்குச் செம்பனை வந்து சேர அப்புறம் ரொம்ப வருஷம் ஆச்சு. எழுபது எண்பதுகள்லதான் ரப்பரைச் சாய்ச்சு சாய்ச்சு அந்த இடத்துல இதை வச்சாங்க.

அதுவரைக்கும் எங்க ஆளுங்க கித்தா மரம் வெட்டுறதுல ராஜா. விடியாத இருட்டுல நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு, பட்டையை நூல் கனத்துக்குச் சீவணும். ஆழம் கொறைஞ்சா பால் வராது. கூடிட்டா மரத்துல காயம், மண்டோர்கிட்ட ஏச்சு. கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி மணிக்கட்டுக்குத் தெரிஞ்சிடும். அப்படிப்பட்ட கையில ஒரு நாள் நீளக் கம்புல கட்டின அறுவாளைக் குடுத்து, அண்ணாந்து பார்த்துக் குலையை இழுன்னாங்க. இருபது கிலோ குலை, மட்டை பூரா முள்ளு. யாரு ரொம்பத் திண்டாடினா தெரியுமா? புதுசா வேலைக்கு வந்த பொடியனுங்க ரெண்டு வாரத்துல பழகிட்டானுங்க. தோட்டத்துலயே கெட்டிக்கார வெட்டுக்காரன்தான் திண்டாடினான். முப்பது வருஷமா மணிக்கட்டுல சேத்து வச்ச வித்தை ஒரே நாள்ல செல்லாக்காசாப் போச்சு. அவன்தான் சாயங்காலம் லயத்து வாசப்படியில உக்காந்து செம்பனையை வாய்க்கு வந்தபடி ஏசினான்.

நீயும் அந்த ரகந்தான் மருமவனே. விண்டோஸ்ல உனக்குத் தெரியாத குறுக்கு வழி கெடையாது. தாமான்ல எவன் மெஷின் படுத்தாலும் நீதான் டாக்டர். அதனாலதான் உனக்கு வலிக்கப் போகுது. என் தங்கச்சியைப் பாரு, உங்கம்மாவைத்தான். பிரவுசரைத் திறந்தா யூடியூப்ல சீரியல், முடிஞ்சா பேத்தியோட வீடியோவுல கொஞ்சல். அதுக்கு லினக்ஸ் போட்டுக் குடுத்தா மாறினதே தெரியாது. சைபர்ஜெயாவுல சர்வர் பாக்குற பையனுக்கும் கவலை இல்ல. நடுவுல நிக்குற அரைக் கெட்டிக்காரன்தான் மாட்டுவான். கோவிச்சுக்காதே, பாசத்துல சொல்றேன்.

முதல் ராத்திரி எப்படி இருக்கும்னு கேளு. சிரிக்காதே, இன்ஸ்டால் பண்ற ராத்திரியைச் சொல்றேன். பென்டிரைவ்ல உபுண்டு 24.04ஐ ஏத்திக்கிட்டு வருவே. பயாஸுக்குள்ள நுழைய எஃப்2வா, எஃப்12வா, டிலீட்டான்னு தெரியாம மூணையும் மாத்தி மாத்தி அமுக்குவே. உள்ள போனா ரெண்டு வழி காட்டும்: ஏத்தாமலே பென்டிரைவ்ல இருந்து ஓட்டிப் பாக்குறது ஒண்ணு, நிரந்தரமா ஏத்துறது ஒண்ணு. ஓட்டிப் பார்த்தா வட்டுல ஒரு எழுத்துகூட மாறாது. வைஃபை பிடிக்குதா, சத்தம் வருதா, திரை வெளிச்சம் கூடிக் கொறையுதா, எல்லாம் ஒரு காசு செலவில்லாமத் தெரிஞ்சுக்கலாம். ஒரு வாரம் அப்படியே வச்சு ஓட்டு. ஓட்டுவியா? மாட்டே. நேரா ஏத்துவே. வட்டு முழுசையும் அழிக்கவான்னு கேக்கும், ஆமான்னுடுவே. மறுநாள் உங்கக்கா வந்து கல்யாணப் படம் எங்கடான்னு கேப்பா. அப்ப சுதந்திரத்தைப் பத்திப் பேசு, நான் வேடிக்கை பாக்குறேன்.

அடுத்து வைஃபை. சில மெஷின்ல இருக்குற பிராட்காம், ரியல்டெக் சில்லுக்கெல்லாம் டிரைவரைத் தனியா இறக்கணும். இறக்க இன்டர்நெட் வேணும். இன்டர்நெட்டுக்கு வைஃபை வேணும். வைஃபைக்கு டிரைவர் வேணும். சுத்திச் சுத்தி விடிஞ்சிடும். போன் கேபிளைச் செருகி யூஎஸ்பி டெதரிங்கைத் தட்டினா அந்த நிமிஷமே இன்டர்நெட் வந்துடும். உன் கூட்டாளிங்க எவனும் இதைச் சொல்லியிருக்க மாட்டான். அவனுங்க பட்ட கஷ்டத்தை நீயும் படணும்னு ஒரு நல்லெண்ணந்தான்.

டிரைவர் போட டெர்மினல்னு ஒரு இருட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வாங்க. கட்டளையை அடிச்சா பாஸ்வேர்டு கேக்கும். நீ தட்டுவே. ஒண்ணும் வராது. விண்டோஸ்ல தட்டின எழுத்துக்கு ஒரு புள்ளியாவது விழும். இங்க கர்சர் ஒரு துளி நகராது. ஓங்கித் தட்டுவே. லேப்டாப்பைத் தலைகீழாத் திருப்பி முறுக்குத் தூளை உதறுவே. கேப்ஸ் லாக்கை அமுக்கி அமுக்கிப் பாப்பே. கடைக்கே போயி புதுக் கீபோர்டு வாங்கிட்டு வந்தவன் ஒருத்தன் நம்ம தாமான்ல இருக்கான். பேரு சொல்ல மாட்டேன், உனக்குச் சித்தப்பா முறை. கீபோர்டு கெட்டுப் போகலடா. எத்தனை எழுத்துன்னு பின்னாடி நிக்குறவன் எண்ணிடக் கூடாதுன்னு வேணும்னே காட்டுறதில்ல. பழைய யூனிக்ஸ் காலத்து வழக்கம். கண்ணை மூடிக்கிட்டு முழுசாத் தட்டி என்டர் அடி, ஏத்துக்கும். ஆனா இணையத்துல எவனோ போட்ட கட்டளையைப் படிக்காம ஒட்டிட்டு வந்து என்கிட்ட அழாதே. முழு அதிகாரம் குடுக்குற சூடோங்குற சொல்லை முன்னாடி போட்டுட்டா மெஷின் எதிர்க்கேள்வி கேக்காது. நீ சொன்ன முட்டாள்தனத்தை அப்படியே செஞ்சு வைக்கும்.

சரி மாமா, ரெண்டையும் வச்சிக்கிறேன், இந்தப் பக்கம் விண்டோஸ், அந்தப் பக்கம் லினக்ஸ்ங்குறியா? தாராளமா. லினக்ஸ்ல வேலை முடிச்சு விண்டோஸுக்குத் திரும்புவே பாரு, காலையில பத்து மணிக்குக் கடிகாரம் ராத்திரி ரெண்டுன்னு காட்டும். பாட்டரி செத்துப் போச்சுன்னு கடைக்கு ஓடுவே. விஷயம் அது இல்ல. மதர்போர்டுல ஒரு கடிகாரம் ஓடுது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரமா எடுத்துக்கும், லினக்ஸ் அதுல உலகப் பொது நேரத்தை வச்சிக்கும். நாம பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னாடி இருக்கோம். அந்த எட்டு மணி நேரந்தான் காணாமப் போகுது. உள்ளூர் நேரத்தையே பாருன்னு லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை குடுத்தா அடங்கிடும்.

அந்த எட்டு மணிக் கணக்கே 1982 ஜனவரி 1ல இருந்துதான், தெரியுமா உனக்கு? அதுக்கு முன்னாடி தீபகற்பத்துக்கு ஏழரை. சபா சரவாக்கோட ஒரே நேரமா இருக்கட்டும்னு மகாதீர் வந்து அரை மணியை முன்னாடி தள்ளி வச்சார். 1981 டிசம்பர் 31 ராத்திரி பதினொன்னரைக்கே புது வருஷம் பொறந்துடுச்சு. எங்களுக்கு அதுல என்ன லாபம்? காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு அரை மணி முந்தி எழும்பணும். கெழவிங்க மாசக்கணக்கா "பழைய மணி என்ன?"ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாங்க. சேவல் மட்டும் எதையும் மாத்திக்கல.

லினக்ஸ்ல இன்னொரு தொல்லை, லேப்டாப் மூடியை மூடுற வேலை. கோலசிலாங்கூர்ல வேலை முடிஞ்சதும் லேப்டாப்பை மூடி, பையில திணிச்சு, மோட்டார்ல கம்போங் குவாந்தான் வழியா வீடு வந்து சேருவே. ஆத்தோரம் மின்மினிப்பூச்சி பாக்க வந்த வெளியூர்க்காரன் காரையெல்லாம் ஒதுக்கிட்டு வீட்டுக்கு வந்து பையைத் தொட்டா சுடும். மூடினதும் அது தூங்கியிருக்காது, வழி பூரா முழிச்சிக்கிட்டே வந்திருக்கும். பாட்டரி சைபர். சில மெஷின்ல இந்த வியாதி உண்டு, சிலதுல கெடையாது. ஓட்டிப் பாருன்னு சொன்னேனே, அப்பவே மூடித் தொறந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்காதவன் கிளம்புறதுக்கு முன்னாடி அணைச்சுட்டுக் கிளம்பணும். வழி அவ்வளவுதான்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான பூசை தமிழ்ல இருக்கு. நீ கோயில் கமிட்டிச் செயலாளர், தமிழ் அடிக்காம ஒரு நாள் ஓடாது. நம்ம நாட்டுக்காரங்க இதுல யாருக்கும் சளைச்சவங்க இல்ல. முத்து நெடுமாறன் எண்பதுகள்லயே முரசு அஞ்சலைச் செய்யத் தொடங்கிட்டார். 2001ல தமிழ் இணைய மாநாடே கோலாலம்பூர்ல நடந்துச்சு. உன் விரலு அஞ்சல் முறையில பழகின விரலு. லினக்ஸ்ல எம்17என்ங்குற தொகுப்பை இறக்கினா தமிழ்99, தட்டச்சு, ஒலிப்புன்னு வரிசையா வரும். தமிழ்99ங்குறது 1999ல சென்னை மாநாட்டையொட்டி தமிழ்நாட்டு அரசு ஏத்துக்கிட்ட முறை. அது தெரிஞ்சவனுக்குக் கவலையே இல்ல. ஒலிப்பு முறைன்னு எடுத்தா ஒரு சில எழுத்து உனக்குப் பழக்கமான விசையில இருக்காது. விரலு தானாப் போகும், வேற எழுத்து வந்து விழும். பழைய வெட்டுக்காரன் ஞாபகம் வருதா?

அதைவிடக் கூத்து எழுத்துருவுல. விண்டோஸ்ல லதான்னு ஒண்ணு வச்சு எல்லாத்தையும் அடிச்சே. அது மைக்ரோசாஃப்ட் சொத்து, கூட வராது. இங்க லோகித், நோட்டோன்னு வேற எழுத்துரு இருக்கு. பாக்க லட்சணமாத்தான் இருக்கும், ஆனா அகலம் வேற. லதாவுல ஒரே பக்கத்துல அடங்கின திருவிழா நோட்டீஸ் இங்க திறந்தா ஒண்ணேகால் பக்கம் ஓடும். அந்தக் கால் பக்கத்துல போயி விழுறது எது? உபயதாரர் பேரு. ஆயிரத்தொரு வெள்ளி குடுத்துட்டு, முதல் பக்கத்துல பேரைக் காணோம்னா எந்த உபயதாரர் சும்மா இருப்பார்? பூசாரி தீபாராதனை காட்டிக்கிட்டிருக்கும்போதே கமிட்டிக்குள்ள நாற்காலி பறக்கும். இதுக்கு மருந்து ஒண்ணுதான்: அடிச்சு முடிச்சதும் பிடிஎஃப்பா மாத்தி அனுப்பு. எழுத்துரு உள்ளேயே உக்காந்துக்கும், எவன் மெஷின்ல திறந்தாலும் வரி நகராது.

அலமாரியில தொண்ணூறுகள்ல அடிச்ச கமிட்டிக் கணக்கு, ஆண்டறிக்கை எல்லாம் சிடியில கெடக்கு பாரு. அது யூனிகோடு புழக்கத்துக்கு வர்றதுக்கு முந்தின எழுத்துரு. இங்க திறந்தா கொம்பும் தொப்பியும் வச்ச இங்கிலீஷ் எழுத்தா வரிசை கட்டி நிக்கும். இதுக்கு லினக்ஸைத் திட்டாதே. அந்த எழுத்துரு இல்லாட்டி விண்டோஸ்லயும் இதே கதிதான். யூனிகோடுக்கு மாத்திக் குடுக்குற மாற்றிகள் இலவசமாவே கிடைக்குது. ஒரு மழை நாள்ல உக்காந்து மாத்தி வை. தமிழ்லயே படிச்சுப் பழகணும்னா 2012ல இருந்து கணியம்னு ஒரு மின்னிதழ் தமிழ்நாட்டுல இருந்து வருது. லினக்ஸ் பாடத்தையே எளிய தமிழ்ல மின்னூலாப் போட்டிருக்காங்க. படிக்க மாட்டே. தெரியும். சொல்லி வைக்கிறேன்.

இனி மத்தவங்க தொல்லை. நீ மாறிட்டே, ஊரு மாறல. லிப்ரே ஆபிஸ்ல அடிச்சு, அது குடுக்குற ஓடிடி கோப்பை அப்படியே தலைவருக்கு அனுப்புவே. "தம்பி, நீ அனுப்பினது கோணலா வருதுப்பா"ன்னு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும். டாக்எக்ஸா சேமிச்சு அனுப்பினா அவரும் தூங்குவார், நீயும் தூங்கலாம். பொருளாளர் எக்செல்ல மேக்ரோ போட்டு ஒரு கணக்கு வச்சிருக்கார். அது இங்க சரியா ஓடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வருமான வரி, கே.டபிள்யூ.எஸ்.பி., பேங்க் எல்லாம் பிரவுசர்லயே ஓடும், பயம் இல்ல. கடைக்கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸுக்குன்னே செஞ்சிருந்தா மாட்டிக்குவே. அதுக்கு ஒயின்னு ஒரு கருவி இருக்கு. முழிக்காதே, குடிக்கிறது இல்ல. விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட வைக்கப் பாக்கும். சிலது ஓடும், சிலது மல்லாந்துடும். பிரிண்டர்ல ஏர்பிரிண்ட்னு போட்டிருந்தா பெரும்பாலும் டிரைவரே கேக்காம அடிக்கும். நம்ம கோயில் ஆபிஸ்ல இருக்குற கெழட்டு பிரிண்டருக்கு அந்தப் பாக்கியம் இல்ல.

அதனால சூட்சுமம் ஒண்ணு சொல்றேன், காதைக் குடு. விண்டோஸ்ல இருக்கும்போதே ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ், விஎல்சின்னு எல்லாத்தையும் போட்டு மூணு மாசம் அதுலயே பொழங்கு. ரெண்டு பக்கத்துலயும் ஓடுற சாமான் அதெல்லாம். விரலு பழகினப்புறம் அடியில இருக்குறதை உருவிட்டு வேறதை வச்சா ஒடம்பு தாங்கும். எல்லாத்தையும் ஒரே ராத்திரியில மாத்துறவன்தான் மூணாம் நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு விண்டோஸ் சிடி தேடி வர்றான்.

நீ மட்டுமா தடுமாறுறே? பெரிய பெரிய ஆளுங்களே தடுமாறினாங்க. ஜெர்மனியில மியூனிக் மாநகராட்சி 2003ல லினக்ஸுக்குப் போறோம்னு தீர்மானம் போட்டது. கிட்டத்தட்ட பதினஞ்சாயிரம் கம்ப்யூட்டரை மாத்தி முடிக்கவே பத்து வருஷம். 2017ல திரும்ப விண்டோஸுக்கே போறோம்னு ஓட்டுப் போட்டாங்க. 2020ல புதுக் கூட்டணி வந்து, முடிஞ்ச இடத்துலயெல்லாம் திறமூலந்தான்னு மறுபடி ஒப்பந்தம் எழுதினாங்க. நம்ம நாட்டுலயும் 2004ல மாம்புங்குற அரசு அமைப்பு அரசாங்க ஆபிஸ்களுக்குத் திறமூலப் பெருந்திட்டம் ஒண்ணைக் கொண்டுவந்துச்சு. நீ லைசென்ஸ் புதுப்பிக்கப் போற எந்தக் கவுண்டர்லயாவது லினக்ஸோட சின்னமான பென்குயினைப் பார்த்தியா? கேரளாவுல மட்டும் அரசுப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பல வருஷமா லினக்ஸ்லயே படிக்குது. புள்ளைங்களுக்கு மறக்க வேண்டியது ஒண்ணும் இல்ல பாரு.

ஒரு வேளை எல்லாம் சரியா ஓடிடுச்சுன்னு வையி. அப்ப இன்னொரு வியாதி வரும். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி உபுண்டுல இருந்து மின்ட், மின்ட்ல இருந்து ஃபெடோரா, அப்புறம் ஆர்ச்னு வாரத்துக்கு ஒண்ணு தாவுவே. ஐகானுக்குக் கலர் மாத்துவே, சுவருக்குப் படம் மாத்துவே. வேலை எப்படா செய்வேன்னு கேட்டா, அதுக்குத்தான் தயார் பண்றேன்பே. வருஷத்துக்கு ஒரு வேலையாவது முடி. அடுத்து மதம் மாத்துற வேலை. மாமாக் கடையில எவன் லேப்டாப்பைத் திறந்தாலும் போயி நின்னுக்கிட்டு "இன்னுமா விண்டோஸ்?"னு கேக்காதே. நீ போட்டு விட்டா அப்புறம் அந்த மெஷின்ல கொசு கடிச்சாலும் உனக்குத்தான் போன் வரும். ஏற்கெனவே ஊரு டாக்டரு, இனி உயிருள்ள வரைக்கும் டாக்டரு.

சரி, முடிவு பண்ணிட்டே, தடுக்கல. ஆடித் திருவிழாவுக்கு நோட்டீஸ் முந்நூறு, பால்குட ரசீதுப் புத்தகம் இருபது, எல்லாத்தையும் விண்டோஸ் உசுரோட இருக்கும்போதே அந்தக் கெழட்டு பிரிண்டர்ல அடிச்சு என் கையில குடுத்துட்டுப் போ. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை எண்ணிப் பாத்துக்க. உபயதாரர் வரிசையில என் பேரு மூணாவது. முதல் பக்கம்.